ரட்டர் பெடல் வாங்குமுன் நாற்காலியைக் கவனியுங்கள்

போன தை மாசம் சோழவந்தானிலிருந்து மாமா வந்திருந்தார். என் மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, தையல் மிஷின் மிதியப் பேத்துக் கொண்டாந்து வச்சிருக்க?" என்றார். கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டருக்கான ரட்டர் பெடல் என்று சொன்னேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இடது காலை முன்னால் தள்ளினார். வலது கால் தானாகப் பின்னால் வந்தது. அங்கிட்டும் இங்கிட்டும் நாலு தடவை ஆட்டிவிட்டு, விரல் பக்கத்தை அழுத்தினார். இப்போது ஒவ்வொரு மிதியும் தனித்தனியாக முன்னால் சாய்ந்தது.

"அட, இது டிராக்டர் பிரேக்குல்ல! வரப்போரத்துல வண்டியத் திருப்ப ஒத்தப் பக்கம் மிதிப்போமே, அதானே?"

அதேதான். எனக்கு ஒரு வாரம் பிடித்தது அவருக்கு இரண்டு நிமிடத்தில் பிடிபட்டுவிட்டது. டிராக்டரில் இடது சக்கரத்துக்கு ஒரு பிரேக், வலது சக்கரத்துக்கு ஒரு பிரேக். தொழி அடிக்கும்போது வலதை மட்டும் மிதித்தால் வலது சக்கரம் நின்றுவிடும், வண்டி அந்த இடத்திலேயே வலப்பக்கம் திரும்பும். சாலையில் போகும்போது இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிடுவார்கள். விமானத்தில் பூட்டு கிடையாது, இரண்டையும் சமமாக மிதிப்பது விமானியின் பொறுப்பு. மற்றபடி வேலை ஒன்றுதான்.

ஆக, ஒரு முழுமையான ரட்டர் பெடலில் மூன்று அசைவுகள். இரண்டு மிதியும் சேர்ந்து முன்பின்னாக நகர்வது ரட்டர். இடது மிதியின் மேல்பகுதி சாய்வது இடது பிரேக், வலது மிதியினுடையது வலது பிரேக். கணினி இவற்றை மூன்று ஆக்சிஸாக, அதாவது மூன்று தனித்தனி அசைவு அளவுகளாகப் படிக்கிறது. கார் ரேஸ் விளையாட்டுக்கான பெடலை வைத்துச் சமாளிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். அதில் ஒரு மிதி போனால் இன்னொன்று வராது. இரண்டுக்கும் உள்ளே தொடர்பே இல்லை. மென்பொருளால் இரண்டையும் ஒன்றாக்கிப் பறப்பவர்கள் உண்டு. காசு மிச்சம், கால் பழக்கம் கோணல்.

ரட்டர் என்பது விமானத்தின் நெட்டு வாலில் இருக்கும் சுக்கான். சுக்கான் என்றதும் படகை நினைத்துக்கொண்டு, விமானத்தைத் திருப்புவது அதுதான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். விமானம் திரும்புவது இறக்கையைச் சாய்த்து, வளைவில் பைக்கைச் சாய்ப்பதுபோல. ரட்டரின் வேலை மூக்கைப் போகிற திசைக்கு நேராக வைத்திருப்பது. அது எங்கெல்லாம் தேவைப்படும் என்று தெரிந்தால்தான் எந்தப் பெடல் வேண்டும் என்பதும் தெரியும்.

முதல் இடம், புறப்படும் ஓட்டம். மதுரை விமான நிலையத்தில் மேற்கு நோக்கிய 27-ஆம் ஓடுபாதையில், சிமுலேட்டரில்தான், செஸ்னா 172 என்ற ஒற்றை எஞ்சின் சிறு விமானத்தை நிறுத்தி முழு வேகம் கொடுத்துப் பாருங்கள். மூக்கு இடப்பக்கம் ஓடும். விமானி இருக்கையிலிருந்து பார்த்தால் அந்தப் புரொப்பெல்லர் கடிகார முள் திசையில் சுற்றுகிறது. அது கிளப்பும் காற்று உடலைச் சுற்றிச் சுழன்று போய் நெட்டு வாலின் இடப்பக்கத்தில் அறைகிறது. வால் வலப்பக்கம் போக, மூக்கு இடப்பக்கம் வருகிறது. எஞ்சின் சுற்றும் விசையின் எதிர்வினை இடது சக்கரத்தைத் தரையோடு அழுத்துகிறது. மூக்கைத் தூக்கியதும், கீழே இறங்கும் வலப்பக்கப் புரொப்பெல்லர் அலகு மேலே ஏறும் இடப்பக்க அலகைவிட அதிகமாக இழுக்கிறது. எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம். இதற்கு மருந்து வலது கால். (இரண்டாம் உலகப் போர் விமானப் பிரியர்களுக்கு ஒன்று: மெர்லின் எஞ்சின் ஸ்பிட்ஃபயர் இடப்பக்கம் இழுக்கும், பின்னால் வந்த கிரிஃபன் எஞ்சின் ஸ்பிட்ஃபயர் வலப்பக்கம் இழுக்கும். காலை மாற்றி மிதித்தால் புல்வெளிதான்.)

இரண்டாவது, திரும்பும்போது. இடப்பக்கம் சாய்க்க வலது இறக்கை மேலே எழும்ப வேண்டும். எழும்பும் இறக்கை கூடுதல் இழுவையையும் வாங்கிக்கொள்வதால் மூக்கை வலப்பக்கம் பின்னிழுக்கிறது. நாம் இடப்பக்கம் திரும்பப் பார்க்கிறோம், மூக்கு எதிர்ப்பக்கம் முறைத்துக்கொண்டு போகிறது. கருவிப் பலகையில் வளைந்த கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு கறுப்புக் குண்டு ஓடும். குண்டு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கக் காலை மிதித்தால் அது நடுவுக்கு வரும். உலகம் முழுக்கப் பயிற்சி விமானிகளுக்குச் சொல்லிக்கொடுப்பது இதுதான்.

மூன்றாவது, பக்கக் காற்றில் இறங்கும்போது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த மூன்றிலும் கால் எவ்வளவு நகர்கிறது என்று ஒருநாள் குனிந்து பார்த்தேன். பெரும்பாலும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர். முழுக்கத் தள்ளுவது அபூர்வம். காலின் உழைப்பெல்லாம் நடுப்புள்ளியை ஒட்டியே நடக்கிறது. எனவே பெடல் வாங்கும்போது நான் முதலில் கேட்பது, நடுவில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான். ஆர்ஜிபி விளக்கு எரிகிறதா என்பதெல்லாம் அதற்கப்புறம்.

நடுவைக் கெடுக்க மூன்று பேர் காத்திருக்கிறார்கள்.

முதலாவது உராய்வு. ஐப்பசி மழையில் ஊறிப்போன மர டிராயரை இழுத்திருப்பீர்கள். இழுத்தால் வராது; இன்னும் கொஞ்சம் இழுத்தால் மொத்தமாகக் கையோடு வந்துவிடும். மலிவான பெடல்கள் நடுவில் அப்படித்தான். மெல்ல அழுத்தினால் அசையாது, கொஞ்சம் கூட்டினால் தாவும். விமானத்தின் மூக்கும் கூடவே தாவும். சில பெடல்களில் கால் நடுவை உணர வேண்டும் என்று ஒரு சிறு குழி வைத்திருப்பார்கள். குழியிலிருந்து வெளியே வரக் கொடுக்கும் அழுத்தமே நமக்குத் தேவையான அளவைத் தாண்டிவிடும். எனக்கு அந்தக் குழி பிடிக்காது.

இரண்டாவது சென்சார். பழைய ஆம்ப்ளிஃபயரில் வால்யூம் குமிழைத் திருகும்போது கரகரவென்று சத்தம் வருமே, அதே பாகம்தான் விலை குறைந்த பெடல்களுக்குள் இருக்கிறது. பொட்டென்ஷியோமீட்டர். ஒரு தடத்தின் மேல் ஒரு முனை உரசிக்கொண்டு போகும். எந்த இடத்தில் அதிகம் உரசுமோ அந்த இடம் முதலில் தேயும், அது நடு. நம்மூர்த் தூசியும் உள்ளே போனால் கேட்கவே வேண்டாம். மற்றொரு வகை ஹால் சென்சார். காந்தம் ஒன்று நகரும், அதன் புலம் மாறுவதைச் சென்சார் தொடாமலே அளக்கும். 1879-இல் எட்வின் ஹால் கண்டுபிடித்த விளைவு என்பதால் அந்தப் பெயர். உரசலே இல்லாததால் தேய்மானமும் இல்லை. பெட்டியில் 10 பிட், 12 பிட் என்றும் போட்டிருப்பார்கள். முழு நகர்வை முறையே 1024 படியாகவும் 4096 படியாகவும் பிரிக்கிறது என்று அர்த்தம். 16 பிட் என்று பெருமை பேசும் பெடலில் உராய்வு இருந்தால், அறுபத்தைந்தாயிரம் படியையும் தாண்டித்தான் தாவும்.

மூன்றாவது ஆள் நம் நாற்காலி. கடைக்காரர் யாரும் இதைச் சொல்வதில்லை. டைல்ஸ் தரை, சக்கர நாற்காலி, புதுப் பெடல். முதல்நாள் வலது காலை மிதித்தேன். விமானம் இடப்பக்கம் போய்க்கொண்டிருந்தது, நான் பின்பக்கம் போய்க்கொண்டிருந்தேன். பீரோவில் இடித்துத்தான் நின்றேன். காலால் ஒன்றைத் தள்ளினால் அதுவும் நம்மைத் தள்ளும். அதை யாராவது தாங்க வேண்டும். பெடலைச் சுவரோடு முட்டுக் கொடுத்தால் பெடல் நிற்கும், நாற்காலி ஓடும். ரப்பர் மிதியடி போட்டால் கொஞ்சம் தாங்கும். வியர்வையும் தூசியும் சேர்ந்தால் அதுவும் வழுக்கும். பானைக்கு வைக்கும் பிரிமணையைச் சக்கரங்களுக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். வேலை செய்தது, ஆனால் ஐந்து சக்கரத்துக்கும் ஐந்து பிரிமணை தேடி வீட்டில் திட்டு விழுந்தது.

தீர்வு சொன்னது மாமாதான். "ரெண்டையும் ஒரு கயித்துல கட்டு மாப்ள. ஏர்ல மாட்டப் பூட்டுன மாதிரி." பெடலை ஒரு பிளைவுட் பலகையில் திருகாணி போட்டு இறுக்கி, பலகையின் ஓரத்திலிருந்து நாற்காலியின் நடுத்தண்டுக்கு இழுத்துக் கட்டினோம். இப்போது காலால் தள்ளும் விசை கயிற்றுக்குள்ளேயே சுற்றி முடிந்துவிடுகிறது. தரைக்கு வேலையே இல்லை. கயிற்றின் நீளத்தை மாற்றினால் காலுக்கும் பெடலுக்கும் உள்ள தூரமும் மாறும். அல்லது சக்கரமே இல்லாத சாதா பிளாஸ்டிக் நாற்காலியைப் போடுங்கள். பார்க்க விமானி மாதிரி இருக்காது, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஆனால் ஓடாது.

ஆகவே காசு கொடுக்குமுன் டேப்பை எடுத்து மேசைக்கு அடியில் அளந்துவிடுங்கள். சி.பி.யு. பெட்டி, கால் வைக்கும் குறுக்குச் சட்டம், யு.பி.எஸ். எல்லாம் அங்கேதான் குடியிருக்கும். பெடலின் நீளத்தோடு அது முன்னால் தள்ளப்படும் தூரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பெடல்களுக்கு நடுவே உள்ள அகலமும் முக்கியம். சில மாதிரிகளில் இரண்டு மிதியும் நெருக்கமாக இருக்கும். அரை மணி நேரத்தில் முழங்கால்கள் முட்டிக்கொண்டு இடுப்பு வலிக்கும். சிறு பிள்ளைகளுக்கு அது பிரச்சினை இல்லை. உயரமானவர்கள் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள், அளவைப் பார்த்து வாங்குங்கள். வீட்டுக்குள் நாம் வெறுங்காலோடு உட்காரும் ஜனம் என்பதையும் அதைச் செய்கிறவர்கள் யோசிப்பதில்லை. உலோக மிதியில் இருக்கும் வரிகள் ஷூ போட்ட காலுக்கானவை. நான் மிதியின் மேல் பழைய யோகா பாயை வெட்டி ஒட்டியிருக்கிறேன். கைலி கட்டிக்கொண்டு பறப்பவர்கள் கரையைத் தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள். சறுக்கு வழிக்குள் கைலி மாட்டினால் ரட்டர் அப்படியே நின்றுவிடும், அதுவும் இறங்கும்போதுதான் மாட்டும்.

சரி, எதை வாங்குவது? அதற்கு முன், உங்களுக்குப் பெடல் வேண்டுமா என்றே யோசிக்கலாம். லாஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி புரோ, திரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் போன்ற ஜாய்ஸ்டிக்குகளில் கைப்பிடியை முறுக்கினாலே ரட்டர் அசையும். ஆரம்பத்துக்கு அது போதும். அதன் குறை, மணிக்கட்டை முறுக்கும்போது கைப்பிடி கொஞ்சம் சாய்ந்தும் விடும். காலுக்குச் சொன்ன வேலையில் இறக்கையும் மூக்கை நுழைக்கும். ஏர்பஸ் ஏ320-ஐ மதுரையிலிருந்து சென்னைக்கு ஆட்டோபைலட்டில் ஓட்டுவதே உங்கள் பொழுதுபோக்கு என்றால் அவசரமே இல்லை. திரும்பும்போது ரட்டரை அந்த விமானமே பார்த்துக்கொள்கிறது. தரையில் பெடலால் முன்சக்கரம் 6 டிகிரிதான் திரும்பும். பெரிய திருப்பத்துக்கு டில்லர் என்று தனிக் கைப்பிடி இருக்கிறது. மதுரைக்கு வந்துபோகும் ஏ.டி.ஆர். 72 போன்ற புரொப்பெல்லர் விமானம் என்றால் கதை வேறு. ஏறும்போது ஒரு எஞ்சினை நிறுத்திப் பாருங்கள். நின்ற பக்கம் மூக்கு இழுபடும், ஓடுகிற பக்கக் காலை அழுத்தி மிதித்துப் பிடித்திருக்க வேண்டும். மணிக்கட்டால் ஐந்து நிமிடம் அப்படி முறுக்கிப் பிடிப்பது முடிகிற காரியமில்லை.

சின்ன விமானம், பழைய போர் விமானம், ஹெலிகாப்டர் மூன்றில் எதை ஓட்டினாலும் பெடல் வேண்டும். ஹெலிகாப்டரில் அதன் பெயரும் வேலையும் வேறு: மேலே சுற்றும் பெரிய விசிறியின் எதிர்வினையை வால் விசிறியால் சமாளிப்பது. அங்கே நடுவுக்கு இழுத்துக்கொண்டு வரும் ஸ்பிரிங் இடைஞ்சல். வைத்த இடத்தில் கால் நிற்க வேண்டும். ஸ்பிரிங்கைக் கழற்றக்கூடிய அல்லது தளர்த்தக்கூடிய பெடலும், முடிந்தால் பைக் ஷாக் அப்சார்பர் போல அசைவை நிதானப்படுத்தும் டாம்பரும் இருந்தால் நல்லது.

கீழ்ப்படியில் திரஸ்ட்மாஸ்டர் டி.எஃப்.ஆர்.பி. இருக்கிறது. அலுமினியத் தண்டவாளத்தில் சறுக்கும், மிதிகள் நெருக்கம். வாங்குமுன் அதன் வயரைப் பாருங்கள்: யு.எஸ்.பி. இல்லாமல், தொலைபேசிச் செருகி போன்ற ஒன்றோடும் வருகிறது. அப்படி வந்தால் அதே கம்பெனியின் டி.டபிள்யூ.சி.எஸ். திராட்டிலில் (எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடி) செருகலாம், இல்லாவிட்டால் தனியாக அடாப்டர் வாங்க வேண்டும். இதைத் தெரியாமல் வாங்கிவிட்டு முழிப்பவர்கள் நிறைய. அடுத்து லாஜிடெக் ரட்டர் பெடல். 2016-இல் லாஜிடெக் வாங்கிய சைடெக் பிராண்டின் சரக்கு. அகலமானது, கனமானது, நடுவில் ஒரு குமிழைத் திருகி இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கலாம். இரண்டிலும் பொட்டென்ஷியோமீட்டர்தான். வி.கே.பி. டி-ரட்டர் சின்னது, உரசாத காந்தச் சென்சார் வகை, நடுவில் அருமையாக இருக்கும். ஆனால் மாமா கண்டுபிடித்த டிராக்டர் பிரேக் அதில் கிடையாது. போர் விமானம், ஹெலிகாப்டர் மட்டும் என்றால் அதை நான் தயங்காமல் சொல்வேன். அதற்கு மேலே குரோஷியாவில் செய்யும் எம்.எஃப்.ஜி. கிராஸ்விண்ட், மேலிருந்து ஊஞ்சல் போலத் தொங்கும் திரஸ்ட்மாஸ்டர் டி.பி.ஆர்., விர்பில் என்று படி ஏறிக்கொண்டே போகும். மதுரை டவுன்ஹால் ரோடு முழுக்க அலைந்தாலும் கையில் தொட்டுப் பார்க்க ஒன்று கிடைப்பது சந்தேகம், ஆன்லைன்தான். வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைத்தால் விலையோடு சுங்க வரியையும் ஜி.எஸ்.டி.யையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள், மலிவு என்று நினைத்தது மலிவாக இருக்காது.

முதல் பெடலுக்கு என் யோசனை, நல்ல நிலையில் உள்ள பழைய சரக்கு. ஆனால் நான் ஏமாந்த மாதிரி ஏமாறாதீர்கள். பாதி விலை என்றதும் வாங்கிவிட்டேன். நேராகப் பறக்கும்போது காலை எடுத்தாலும் வால் தானாகத் துடித்துக்கொண்டே இருந்தது, கரகர ஆம்ப்ளிஃபயர் கேஸ். வாங்குமுன் மடிக்கணினியில் செருகி, விண்டோஸின் கேம் கன்ட்ரோலர் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். இடது காலைத் தள்ளி மெதுவாக விடுங்கள், கோடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வலது காலைத் தள்ளி மெதுவாக விடுங்கள். இரண்டு முறையும் ஒரே இடத்தில் நின்றால் நடு நல்ல நடு. வேறு வேறு இடத்தில் நின்றால் உராய்வு. நின்ற இடத்தில் நடுங்கினால் சென்சார்; காண்டாக்ட் கிளீனர் அடித்தால் சில மாதம் ஓடும்.

நடுக்கம் இருக்கிறது என்று சிமுலேட்டரில் டெட் ஸோனைக் கூட்டிவிடுவது நோயை மறைக்கும் வேலை. டெட் ஸோன் என்றால் நடுவில் இவ்வளவு தூரம் கால் அசைந்தாலும் கண்டுகொள்ளாதே என்று சொல்வது. நமக்கு வேண்டியதே அந்த இடம்தான். ஒன்றிரண்டு சதவீதத்துக்கு மேல் நான் வைப்பதில்லை. சிமுலேட்டரில் உதவிக்கு இருக்கும் ஆட்டோ ரட்டரையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் காலும் கணினியும் ஒரே மாட்டை இரண்டு பக்கம் இழுக்கும்.

மாட்டியதும் இன்னொன்று நடக்கலாம். முழு வேகம் கொடுத்தும் விமானம் நகராது, உறுமிக்கொண்டே நிற்கும். பிரேக் ஆக்சிஸ் தலைகீழாகப் படிக்கப்படுகிறது. காலை எடுத்தால் முழு பிரேக், மிதித்தால் விடுதலை. அமைப்பில் அந்த இரண்டு ஆக்சிஸையும் திருப்பிவிட வேண்டும். எனக்கு இது தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போயிற்று. ரட்டரின் திசையையும் அப்போதே பார்த்துவிடுங்கள்: இடது கால் முன்னால் போனால் மூக்கு இடப்பக்கம். சைக்கிள் ஹேண்டில்பாரில் இடது கையை முன்னால் தள்ளினால் வலப்பக்கம் திரும்புமே, அதற்கு நேரெதிர். முதல் சில நாள் மூளை சைக்கிளைத்தான் நினைத்துக்கொண்டிருக்கும்.

பழக, 27-இலிருந்து ஏறுங்கள். வலப்பக்கம் முன்னால் திருப்பரங்குன்றம் மலை தெரியும். அதைத் தாண்டி வலப்பக்கம் திரும்பி, வைகையைக் கடந்து யானைமலையைச் சுற்றி வாருங்கள். சுற்றும்போது வெளியே பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் குண்டைப் பாருங்கள். அது நடுவில் நிற்கிற வரைக்கும் மலையைச் சுற்றிக்கொண்டே இருங்கள்.

அப்புறம் பக்கக் காற்று. மதுரை ஓடுபாதை கிழக்கு மேற்காக இருக்கிறது. அம்மியைப் பறக்கவைக்கும் ஆடிக்காற்றும் மேற்கிலிருந்தே வருவதால், பெரும்பாலும் மூக்குக்கு நேராக அடித்து நமக்கு நல்லதுதான் செய்யும். அதனால் வானிலையை நாமே வைக்க வேண்டும்: வடக்கிலிருந்து, 360 டிகிரி, 8 நாட் (காற்றின் வேகத்தை அளக்கும் அலகு). 27-இல் இறங்க வரும்போது காற்று வலப்பக்கத்திலிருந்து தள்ளும். மூக்கை வலப்பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்தால் விமானம் நண்டு போலப் பக்கவாட்டில் நகர்ந்து ஓடுபாதைக் கோட்டிலேயே வரும். தரை நெருங்கியதும் இடது காலால் மூக்கைக் கோட்டுக்கு நேராக்குங்கள், அதே நேரம் கையால் வலது இறக்கையைக் காற்றின் பக்கம் கொஞ்சம் தாழ்த்துங்கள். வலது சக்கரம் முதலில் தொடும், பிறகு இடது, கடைசியில் மூக்குச் சக்கரம். தொட்ட பிறகும் காலை எடுத்துவிடாதீர்கள், வேகம் குறையும்வரை மூக்கு அங்கிட்டும் இங்கிட்டும் தேடும். 8 சரியாக வந்தால் 12. செஸ்னா 172-க்கு அதன் கையேட்டில் செய்து காட்டியதாகப் போட்டிருக்கும் அளவு 15 நாட்.

மாமா அன்றைக்கு 8 நாட்டில் மூன்று முறை இறங்கிப் பார்த்தார். முதல் இரண்டு முறை புல்லில் நின்றது. மூன்றாவது முறை கோட்டில் நின்றது, ஆனால் பழக்க தோஷத்தில் ஒத்தப் பக்கப் பிரேக்கை மிதித்து விமானத்தை அதே இடத்தில் திருப்பிவிட்டு, "வரப்பு வந்துருச்சுல்ல?" என்றார்.